பாதி வகுப்பு, பாதி பட்டறை

தொழிற்பழகுநர் பயிற்சி என்பது ஒரு தொழிலை வகுப்பறையிலும் வேலை நடக்கும் இடத்திலும் சேர்த்துக் கற்றுத்தரும் முறை. இதில் சேருகிறவர் பாடத்திட்டப்படி படிக்கிறார், தொழிற்சாலையில் வேலை பழகுகிறார், மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறார், முடிவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுகிறார். அரசாணைகளில் தொழிற்பழகுநர் என்று இருந்தாலும் பெரம்பூரிலும் பொன்மலையிலும் திருவெறும்பூரிலும் மக்கள் வாயில் இருப்பது ஒரே சொல்தான்: அப்ரண்டிஸ். 'பையன் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு அப்ரண்டிஸ் போறான்' என்றால் தெருவில் எல்லோருக்கும் புரியும். அங்கே அவனுக்கு என்ன கற்றுத்தர வேண்டும், சட்டம் அவனுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது, பயிற்சி எங்கே முடிந்து வேலைவாங்கல் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் சேருகிறவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

ஃபிட்டர் டிரேடை எடுத்துக்கொள்ளலாம். ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் முதல் வாரங்களில் மாணவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஓர் அரம்தான். உள்ளங்கை அகல இரும்புத் துண்டு ஒன்றை வைஸில் இறுக்கி, ஒரு பக்கத்தைத் தட்டையாக ராவ வேண்டும். பார்க்க எளிது. அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது இடது கையின் அழுத்தம் கூடுதலாகவும், நடுவில் இரண்டு கையும் சமமாகவும், முடிவில் வலது கையின் அழுத்தம் கூடுதலாகவும் மாறிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் அரம் ஊஞ்சல் போல ஆடும். விளிம்புகள் மழுங்கி, நடுப்பகுதி மேடாக நிற்கும். ராவிய பக்கத்தில் டிரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து இன்ஸ்ட்ரக்டர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் துண்டு மறுபடியும் வைஸுக்குப் போகும். புத்தகத்தில் இது ஒரு பத்தி. கை பழகுவதற்குப் பல நாள் ஆகும்.

அடுத்து வெர்னியர் காலிப்பர். அதன் நகரும் அளவுகோலில் 50 பிரிவுகள் இருக்கும். அந்த 50 பிரிவுகளும் சேர்ந்து 49 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும். அதனால் நிலையான அளவுகோலின் ஒரு பிரிவுக்கும் நகரும் அளவுகோலின் ஒரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று பார்த்து அளவு சொல்லிவிட யாரும் பழகிவிடலாம். ஏன் அப்படிப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கு மட்டும்தான் 0.05 காட்டும் வேறொரு காலிப்பர் கைக்கு வந்தாலும் தடுமாற்றம் வராது.

வகுப்பும் வேலையும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து நிற்கின்றன என்பது தொழிற்சாலைக்குள் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு ஷாஃப்டில் புது பேரிங் மாட்ட வேண்டும். உள்விட்டம் 100 மில்லிமீட்டர். ஷாஃப்டின் விட்டம் அதைவிட மில்லிமீட்டரில் நூறில் நாலைந்து பங்கு பெரியது. இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருப்பார்கள். புதிதாக வந்த அப்ரண்டிஸ் சுத்தியலை எடுப்பான். 'தம்பி, அதைக் கீழ வை' என்பார் பக்கத்தில் நிற்கும் சீனியர் ஃபிட்டர். அடித்து ஏற்றினால் உள்ளே இருக்கும் குண்டுகள் தம் பாதையிலேயே பள்ளம் போடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் சத்தம் வந்து, மிஷின் நிற்கும். அதனால் பேரிங்கை ஹீட்டரில் வைத்துச் சுமார் 110 டிகிரி வரை சூடேற்றுவார்கள். அறை வெப்பம் 30 டிகிரி என்றால் ஏறியது 80 டிகிரி. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும் என்பது வகுப்பில் படித்த பாடம். பெருக்கிப் பார்த்தால் 100 மில்லிமீட்டர் துளை கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் பெரிதாகியிருக்கும். பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். 200 டிகிரி வரை சூடேற்றினால் இன்னும் சுலபமாகப் போகாதா என்று அவன் கேட்டால், பதப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் கடினத்தையும் அளவையும் இழக்கத் தொடங்கும் என்ற அடுத்த பாடம் அங்கேயே வந்துவிடுகிறது. கணக்கு மட்டும் தெரிந்தவனுக்குப் பேரிங்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. பழக்கம் மட்டும் உள்ளவனுக்கு வேறு அளவு, வேறு உலோகம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

பட்டறையில் சேர்ந்து தொழில் பழகுவது எல்லா ஊரிலும் பழைய வழக்கம். தச்சு, கொல்லு, நகைவேலை, தையல் என்று எதிலும் எடுபிடியாகச் சேர்ந்த பையன் பார்த்துப் பார்த்தே தொழில்காரன் ஆனான். இந்தியாவில் இதற்கு முதன்முதலில் சட்டம் வந்தது 1850-ல். அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் கைத்தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்ற நோக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இயற்றிய சட்டம் அது. பிள்ளையை ஒரு எஜமானிடம் ஒப்பந்தப்படி ஒப்படைப்பதுதான் அதன் மையம். பள்ளி, பாடத்திட்டம், பொதுத் தேர்வு ஆகியவை அதில் இல்லை.

பள்ளியையும் பட்டறையையும் ஒரே பயிற்சியின் இரண்டு கால்களாக்கிய நாடு ஜெர்மனி. அங்கே இடைக்காலத்திலிருந்தே கைவினைச் சங்கங்கள் உண்டு. கற்றுக்கொள்பவன், தேர்ந்த தொழிலாளி, மைஸ்டர் (ஆசான்) என்ற மூன்று படிகள் இருந்தன. ஆலைகள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1897-ல் வந்த கைவினைஞர் சட்டம் பயிற்சியைக் கவனிக்கும் பொறுப்பைத் தொழில் மன்றங்களிடம் கொடுத்தது. மியூனிக் நகரின் பள்ளிகளுக்குப் பொறுப்பாக 1895-ல் வந்த கியார்க் கெர்ஷன்ஸ்டைனர் என்ற கல்வியாளர், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கான தொடர்பள்ளிகளை அவரவர் தொழிலைச் சுற்றியே மாற்றி அமைத்தார். ரொட்டி சுடும் பிள்ளைக்கு மாவு, உப்பு, அடுப்பு ஆகியவற்றின் வழியாகக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அந்த வழியின் சாரம். இந்த ஏற்பாட்டுக்கு 'இரட்டை முறை' என்ற பெயர் 1964-ல்தான் ஒரு கல்விக்குழு அறிக்கையில் வந்தது. நாடு முழுவதற்குமான தொழிற்பயிற்சிச் சட்டம் 1969-ல் இயற்றப்பட்டது.

ஜெர்மன் முறையில் பயிற்சி பெறுபவர் முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனம். தொழிலைப் பொறுத்து 2 முதல் மூன்றரை ஆண்டு வரை நடக்கும். சுமார் 325 தொழில்களுக்கு இப்படிப் பயிற்சி உண்டு. மெக்கட்ரானிக்ஸ் மட்டுமில்லாமல் ரொட்டிக்கடை, வங்கி, ஓட்டல், பல் மருத்துவர் உதவியாளர் வேலைக்கும் இதுவே வழி. பயிற்சி பெறுபவர் தான் கற்றதை ஒரு பதிவேட்டில் தொடர்ந்து எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நிறுவனத்தில் கற்றுத்தரும் பொறுப்பில் இருப்பவர், கற்பிக்கத் தகுதி உண்டு என்று காட்டும் தனித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். வேலை தெரிந்தால் மட்டும் போதாது. கடைசித் தேர்வை நடத்துவது பயிற்சி கொடுத்த நிறுவனமாக இருக்காது. தொழில் மன்றமே நடத்தும். அதனால் ஒரு ஊரில் வாங்கிய சான்றிதழுக்கு இன்னொரு ஊர் முதலாளியிடமும் மதிப்பு இருக்கிறது. ஜெர்மனியைப் பார்த்து இதைப் பின்பற்ற முயன்ற நாடுகள் பல. பெரும்பாலும் கோட்டைவிட்டது இந்த இரண்டையும்தான்.

கல்லூரிப் படிப்புக்கு இதே யோசனையைக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர். 1906-ல் 27 மாணவர்களோடு தொடங்கினார். மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். அதனால் நிறுவனத்தில் அந்த இடம் எந்த வாரமும் காலியாக இருக்காது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே இந்த முறையில்தான் தொடங்கியது. பிரிட்டனில் இதைச் சாண்ட்விச் படிப்பு என்றார்கள். அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. படிப்பும், சில பாலிடெக்னிக்குகளின் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோவும் அந்த வழியில் வந்தவை. பஞ்சாலை, பம்ப்செட், ஃபவுண்டரி என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த கோவையில் அது வேர்பிடித்ததில் வியப்பில்லை.

சுதந்திர இந்தியா முதலில் கட்டியது வகுப்புக் காலைத்தான். 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது, ஐ.டி.ஐ.கள் அதன் பிள்ளைகள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். 1955-லும், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-லும், திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை 1965-லும் வந்தன. அரம் பிடித்தவனைக் கொண்டுபோய் நிஜ மிஷின் முன் நிறுத்துவதற்கு இடம் கிடைத்தது. அதற்கான சட்டம் 1961-ல் நிறைவேறிய அப்ரண்டிஸ் சட்டம். ரயில்வே ஒர்க்‌ஷாப்களில் பயிற்சி பெறுபவர்களை இன்றும் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்று அழைப்பது இந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டவர்கள் என்பதால்தான். முதலில் ஐ.டி.ஐ. டிரேடுகளுக்கு மட்டும் இருந்ததில், 1973-ல் இன்ஜினியரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1986-ல் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்கள் சேர்ந்தார்கள். 2014-ல் வந்த திருத்தம் பெரியது. அரசு வரையறுத்த டிரேடுகளுக்கு வெளியே, நிறுவனங்களே பாடத்திட்டம் வகுத்து நடத்தும் 'விருப்ப டிரேடு'களுக்கும் கதவு திறந்தது. ஓட்டல், சில்லறை வணிகம், மருத்துவமனை, கிடங்கு எல்லாம் உள்ளே வந்தது அப்படித்தான்.

2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து மொத்த ஆள் பலத்தில் இரண்டரை சதவீதத்துக்குக் குறையாமலும் 15 சதவீதத்துக்கு மிகாமலும் எடுக்கலாம். 4 பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகூட விரும்பினால் எடுத்துக்கொள்ள முடியும்.

பயிற்சி தொடங்கும்முன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆபத்தான தொழில்களுக்கு 18. மைனராக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ஐ.டி.ஐ. படிக்காமல் பள்ளியிலிருந்து நேராக வருபவர்களுக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி. மிஷின் பக்கம் விடுவதற்கு முன் கருவிகளையும் பாதுகாப்பையும் தனி இடத்தில் கற்றுத்தருவது அது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அந்தப் படியை ஏற்கெனவே ஏறிவிட்டவர்கள் என்பதால் நேராக ஷாப்பில் சேர்வார்கள். ஷாப்பில் இருக்கும் காலத்திலும் டிரேடு தியரி, கணக்கு, வரைபடம் ஆகிய வகுப்புகள் தொடர வேண்டும் என்பது திட்டம். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. எழுத்தும் செய்முறையும் உண்டு. தேறினால் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ், சுருக்கமாக என்.ஏ.சி. ரயில்வே உள்படப் பல இடங்களில் சேர்க்கைக்குத் தனி எழுத்துத் தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் வைத்தே ரயில்வே பட்டியல் போடுகிறது. ஐ.டி.ஐ.யில் செஷனல் மார்க்கைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது என்று இன்ஸ்ட்ரக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு 2019 விதிகளின்படி படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூட வேண்டும். நிறுவனம் விரும்பினால் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் கொடுக்கலாம். இந்த அளவுகளை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 2025 மே மாதத்தில் பரிந்துரை செய்தது. நிறுவனத்தின் சுமையில் அரசும் பங்கு போடுகிறது. 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையின் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு தருகிறது. இன்ஜினியரிங், டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனி ஏற்பாடு: தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம். அங்கே குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு 7,000 ரூபாய் எத்தனை நாள் தாங்கும் என்பதை எந்தத் தாயும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். பாதியில் விட்டுப்போகிறவர்கள் பலருக்கும் படிப்பில் ஆர்வம் குறைந்ததைவிட வாடகையும் மெஸ் பில்லும்தான் காரணமாக இருக்கின்றன.

சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு 13. அப்ரண்டிஸுக்குப் பீஸ் ரேட்டில், அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கில், பணம் தரக்கூடாது என்றும், உற்பத்தி போனஸ் போன்ற ஊக்கத்தொகைத் திட்டங்களில் அவரைச் சேரச் சொல்லக்கூடாது என்றும் அது சொல்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு வந்துவிட்டால் கற்பவர் தன் கை ஏற்கெனவே அறிந்த ஒரே வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வார். தெரியாத மிஷினுக்குப் போய் நாலு பீஸைக் கெடுத்துக் கற்றுக்கொள்ள அவருக்கும் மனம் வராது, சூப்பர்வைசரும் விடமாட்டார். பயிற்சியின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்; தொழிலாளி ஆகமாட்டார். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. உடல்நலம், பாதுகாப்பு, நலவசதிகள் பற்றிய விதிகள் மட்டும் பொருந்தும். வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீடு உண்டு. கற்பவர்மேல் தொழிலாளியின் பொறுப்பைச் சுமத்தக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த இந்தப் பிரிவு, குறைந்த செலவில் ஆள் தேடுபவர்களுக்கு வசதியான சந்து ஆகிவிட்டது. அசெம்ப்ளி லைனில் ஒரு இடத்தில் நிறுத்தி ஓராண்டும் ஒரே நட்டை முடுக்கவைத்து, நைட் ஷிஃப்டும் பார்க்கவைத்து, ஆண்டு முடிந்ததும் அடுத்த பேட்சை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல தொழிற்பேட்டைகளில் இருக்கிறது. முன்பிருந்த விதிகள் வாராந்தர நேரத்துக்கும் இரவு வேலைக்கும் வரம்பு வைத்திருந்தன. 2014 திருத்தம் வேலை நேரத்தைத் தீர்மானிப்பதை நிறுவனத்திடமே விட்டுவிட்டது. தவறான இடத்தில் தளர்த்தப்பட்ட கட்டு இது. நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்தவன் எந்த வகுப்பில் உட்கார்ந்து எதைப் படிப்பான்?

பயிற்சிக்கும் வேலைவாங்கலுக்கும் நடுவே உள்ள கோட்டை வெளியிலிருந்தும் பார்க்க முடியும். நல்ல இடத்தில் சேர்ந்த அப்ரண்டிஸிடம் கேட்டால், முதல் இரண்டு மாதம் மெயின்டனன்ஸ், அடுத்து மிஷின் ஷாப், அப்புறம் ஹைட்ராலிக்ஸ், கடைசியில் அசெம்ப்ளி என்று பிரிவு பிரிவாக மாற்றியதைச் சொல்வான். யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்றால் ஒருவர் பெயரைச் சொல்வான். கையில் ஒரு டைரி இருக்கும். வாரம் ஒருமுறை அதில் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கும். மற்ற இடத்தில் சேர்ந்தவன் பெயர் சொல்லத் தெரியாமல் 'அந்த லைன்ல நிக்கிறேன்' என்பான். பிள்ளையைச் சேர்க்கும்முன் அங்கே ஏற்கெனவே பயிற்சி முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து இந்த மூன்றையும் விசாரிப்பது, கம்பெனியின் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிடப் பயன் தரும். ஒப்பந்தம் முறையான போர்ட்டலில் பதிவாகி, அதன் எண் கையில் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓராண்டு உழைத்ததற்கு மிஞ்சுவது ஓர் அனுபவக் கடிதம் மட்டுமே.

பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை கிடைக்குமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் உண்டு. பயிற்சி முடித்தவர்களை எடுப்பதற்கு ஒரு கொள்கையை நிறுவனம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் 2014 திருத்தம் சொல்கிறது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி பெற்றவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் அளித்த தீர்ப்பு இதில் முக்கியமானது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், வெளியிலிருந்து வருபவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது நீதிமன்றம். ரயில்வே தன் லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதத்தை ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. அதற்கும் தேர்வு எழுதித்தான் வர வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனையிலோ ஐ.சி.எஃப்.பிலோ சேர்ந்தாலே ரயில்வே வேலை உறுதி என்று நம்பி, யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாறுகிற குடும்பங்கள் இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

நிறுவனங்களின் பக்கத்திலும் உண்மையான சிக்கல்கள் உண்டு. ஓர் அப்ரண்டிஸ் முதல் மாதங்களில் கெடுக்கும் பொருள், அவனுக்குச் சொல்லிக்கொடுக்க சீனியர் ஆள் செலவழிக்கும் நேரம் எல்லாம் செலவுதான். பெரிய ஆலைக்கு அது தெரியாது. ஐந்தாறு லேத்தை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் அம்பத்தூர் பட்டறை உரிமையாளருக்குத் தெரியும். கற்றுத்தந்து ஆளாக்கியவனைப் பக்கத்துக் கம்பெனி ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டால் அடுத்த முறை அவர் கற்றுத்தர யோசிப்பார். இப்படிப்பட்ட பட்டறைகள் தொழில் சங்கத்தின் மூலம் ஒன்றுசேர்ந்து, வகுப்பையும் அடிப்படைப் பயிற்சியையும் பொதுவான ஓர் இடத்தில் நடத்திக்கொண்டால் சுமை குறையும். தமிழ்நாட்டில் சிறு பட்டறைகள்தான் அதிகம் என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு இன்னும் அதிக கவனம் கிடைக்க வேண்டும்.

ஐ.டி.ஐ.க்குள்ளும் வேலை அனுபவத்தைக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன. படிப்புக் காலத்தின் ஒரு பகுதியை நேரடியாகத் தொழிற்சாலையில் கழிக்கும் இரட்டைப் பயிற்சித் திட்டம் 2016-ல் வந்தது. ஆண்டுக்கு 150 மணி நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில் பணிப்பயிற்சி, அது கிடைக்காத இடத்தில் குழுவாகச் செய்யும் புராஜெக்ட் என்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, ரோபோ, சி.என்.சி., முப்பரிமாண அச்சு போன்றவை கொண்ட தொழில் 4.0 மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் வகுப்புகளில் பெண்கள் சேர்வதற்கு இந்தப் பணம் ஒரு கைப்பிடி. ஆனால் ஷாப்புக்குள் அவர்களுக்கு உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் இல்லாத தொழிற்சாலைகளில் அந்தக் கைப்பிடி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கும் வழி அடைபடுவதில்லை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோவை முடித்து அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். கலை, அறிவியல் பட்டப் படிப்புகளுக்குள்ளேயே அப்ரண்டிஸ்ஷிப்பைச் சேர்ப்பதற்கு யு.ஜி.சி. 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. என்.ஏ.சி. வாங்கியவர்களுக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில், இன்ஸ்ட்ரக்டர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி நடக்கிறது. தொழிலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதே அங்கே பாடம்: செய்துகாட்டுவது, மாணவனைச் செய்யவைப்பது, அவன் தவறு எந்த இடத்தில் தொடங்கியது என்று கண்டுபிடிப்பது. அதை முடித்தவர்கள் ஐ.டி.ஐ. பட்டறைகளுக்கு வருகிறார்கள், ஆகஸ்ட், செப்டம்பரில் சேரும் புது பேட்சின் கையில் அரத்தைக் கொடுத்து, டிரை ஸ்கொயரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார்கள்.